பிரேக்கை மிதிச்சா சேர் பின்னாடி ஓடுது!
வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டு ரேஸிங் சிமுலேட்டர், அதாவது நிஜ கார் மாதிரி ஸ்டீயரிங் வீலும் பெடலும் மாட்டி ரேஸ் கேம் ஓட்டுறது பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு, சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு கடைசில ஒரு வரி போட்டிருந்தேன். எந்த வீல் வாங்கலாம், எந்த கேம் நல்லாருக்கும்னுதான் கேப்பாங்கன்னு நெனச்சா, வந்ததுல முக்காவாசி இடுப்பு வலி, கால் மரத்துப்போறது, சேர் நகர்றதுன்னு ஒரே பொலம்பல். 2025 ஜனவரில அஜித் டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவங்க கிளாஸ்ல மூணாவது வந்ததுல இருந்து எனக்குத் தெரிஞ்சே நாலு பேர் வீல் வாங்கிட்டாங்க, அந்த நாலு பேரும் உக்கார்றது டைனிங் டேபிள் சேர்லதான். சரி, இந்த தடவை முழுக்க சீட்டு பத்தியே பேசிடுவோம்.

கேள்வி: அண்ணே, ஆறு மாசம் காசு சேத்து லாஜிடெக் ஜி29 வீல், பெடல் செட் வாங்கிட்டேன். கம்ப்யூட்டர் டேபிள்ல மாட்டி ஆபீஸ் சேர்ல உக்காந்து ஓட்டுறேன். பிரேக்கை அழுத்தி மிதிச்சா சேர் பின்னாடி ஓடிடுது, நேத்து போய் பீரோல இடிச்சேன், அம்மா திட்டுறாங்க. புது சீட் வாங்கித்தான் ஆகணுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு அம்மாகிட்ட திட்டு வாங்காம தப்பிக்கிற அளவுக்கு மட்டும் செலவு பண்ணுங்க. மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நிஜ கார்ல பிரேக் போட்டா உடம்பு முன்னாடி போகும், பெல்ட் புடிச்சு நிறுத்தும். வளைவுல திருப்பினா பக்கவாட்டுல தள்ளும், அதுக்குத்தான் ரேஸ் சீட்ல ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி வச்சிருக்கான். வீட்ல இது ரெண்டுமே கெடையாது. வீட்ல சீட்டைத் தள்ற ஒரே விசை உங்க கால் பெடலைத் தள்றதுதான், அது திரும்பி உங்களையே பின்னாடி தள்ளுது. அதனால வீட்டு சீட்டுக்கு ஒரே பரீட்சை, பிரேக்கை முழு பலத்தோட மிதிச்சா சீட் நகரக்கூடாது, சாயக்கூடாது, வளையக்கூடாது. மத்ததெல்லாம் அப்புறம்.

சேரைக் கவுத்துப் போட்டு அடிச் சக்கரத்தை ஒவ்வொண்ணா புடிச்சு நேரா இழுங்க, பெரும்பாலான ஆபீஸ் சேர்ல அது சும்மா சொருகித்தான் இருக்கும், வரமாட்டேன்னா ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்புங்க. அந்த ஓட்டைல அப்படியே சொருகுற மாதிரி ரப்பர் அடி வச்ச புஷ் தனியா விக்கிறாங்க, அஞ்சு வாங்கி மாட்டிட்டா சேர் நகராது. அது கெடைக்கலன்னா சூட்கேஸ் கட்டுற பெல்ட் ஒண்ணு எடுத்து சேரோட நடுத்தண்டையும் பெடல் அடிப்பலகையையும் சேத்து இறுக்கிக் கட்டிடுங்க. சேர் பின்னாடி போகணும்னா பெடலும் கூட வரணும், பெடலை உங்க காலே முன்னாடி தள்ளிட்டு இருக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கும். சீட்டுக்கு அடில இருக்கிற லிவரையோ குமிழையோ வச்சு அந்த ஊஞ்சல் ஆட்டத்தையும் லாக் பண்ணிடுங்க. ஜி29 பெடலுக்கு அடில கார்பெட்ல பிடிக்கிற மாதிரி பல்லு இருக்கு, நம்ம ஊர் டைல்ஸ் தரைல அது ஒண்ணுத்துக்கும் ஆகாது, அதனால பெடலை சுவத்துல முட்டுக் குடுத்து வைங்க.

கேள்வி: புதுப்பேட்டைல பழைய கார் சீட் வாங்கி இரும்பு பைப்ல ரிக், அதாவது சீட், வீல், பெடல் மூணையும் மாட்டுற சட்டம் அடிக்கலாம்னு இருக்கேன். எந்த கார் சீட் நல்லது, என்ன பாத்து வாங்கணும்? (வாசகர், ஆவடி)

பதில்: என்னைக் கேட்டா நம்ம பட்ஜெட்டுக்கு இதைவிட சொகுசான சீட் கெடையாது. மணிக்கணக்குல உக்காந்து ஊருக்குப் போறதுக்குன்னே ஒரு கம்பெனி யோசிச்சு செஞ்ச சீட், முன்ன பின்ன நகரும், சாயும், தொடைக்கு ஃபோம் இருக்கும். ஆனா வாங்கும்போது உஷாரா இருக்கணும். நான் வாங்கின மொத சீட்ல ஏமாந்தேன். கடை பேர் வேண்டாம். புதுசா கவர் போட்டு பளபளன்னு வச்சிருந்தாங்க, பேரம் பேசி ஆட்டோல ஏத்தி வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு. ரெண்டாவது நாளே ரூம்ல ஒரு வாடை, தொவச்ச துணியை பக்கெட்லயே மறந்துட்டா அடுத்த நாள் வருமே அதே வாடை. கவரை உருவிப் பாத்தா ஃபோம் ஓரத்துல பழுப்பா கோடு, சீட் முன்ன பின்ன நகர்ற இரும்பு ரயில் பள்ளத்துல சேறு காஞ்சு செம்மண் கல்லு மாதிரி ஒட்டியிருக்கு. வெள்ளத்துல முங்கின கார் சீட். 2015லயும் 2023 மிக்ஜாம்லயும் சென்னைல எத்தனை கார் மூழ்குச்சு, அந்த சீட்டெல்லாம் எங்கதான் போகும் பாவம். அதனால வெக்கப்படாம கவரைக் கொஞ்சம் தூக்கி மூக்கை வச்சு மோந்து பாருங்க, ரயிலுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, விரல்ல மண்ணு வந்தா நன்றி சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க.

அடுத்தது ஏர்பேக். புது மாடல் கார்கள் பலதுல முன் சீட்டோட கதவுப் பக்க ஓரத்துலயே பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கும், அந்த ஓரத்துல ஏர்பேக்னு ஒரு துணி லேபிள் தெச்சிருப்பான், அடில மஞ்சள் கலர் கனெக்டர் தொங்கும். அந்த மாதிரி சீட் வேண்டவே வேண்டாம். உள்ள இருக்கிறது வெடிமருந்து. வயரை வெட்டிட்டா சரியாப்போச்சுன்னு கடைக்காரர் சொல்லுவார், நம்ம ஆளு ஒருத்தர் மீட்டர் வச்சு செக் பண்றேன்னு வருவார், மீட்டர்ல இருந்து போற சின்ன கரன்ட்டே அதை வெடிக்க வைக்கலாம், ரெண்டு பேரையும் கிட்ட விடாதீங்க. பழைய மாருதி 800, பழைய ஆல்ட்டோ, பழைய சான்ட்ரோன்னு போனா இந்தத் தலைவலியே இல்ல. 800 சீட் ஒல்லியா லேசா இருக்கும், அகலமான ஆளுக்குப் பத்தாது, ஒல்லியான ஆளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அம்பாசடர் முன் சீட் வேணாம், அது பெஞ்சு, குடும்பத்தோட உக்காந்துதான் ரேஸ் ஓட்டணும்.

இன்னொரு சூட்சுமம் சொல்றேன். டிரைவர் சீட்டைக் கேக்காதீங்க, பக்கத்து சீட்டைக் கேளுங்க. டிரைவர் சீட்ல தினமும் ஆள் ஏறி எறங்கி வலப்பக்க ஓரம் அமுங்கிப் போயிருக்கும், பக்கத்து சீட்ல பாதி நாள் லஞ்ச் பேக்தான் உக்காந்திருக்கும், ஃபோம் கெட்டியா இருக்கும். ஒண்ணு மட்டும், சாய்க்கிற லிவர் கதவுப் பக்கம், அதாவது இடது பக்கம் வரும், நீங்க கியரை இடது பக்கம் வைக்கிறதா இருந்தா லிவருக்குக் கை போற எடம் விட்டு வைங்க. சாய்மானத்தையும் சோதிக்கணும், கடைப் பையனை சீட்டுக்குப் பின்னாடி புடிச்சுக்கச் சொல்லிட்டு முதுகால அழுத்தி உந்துங்க, டக்கு டக்குன்னு ஆட்டம் குடுத்தா ஹிஞ்ச்சுல பல்லு தேஞ்சிருக்கு. ரயிலும் ரெண்டு பக்கமும் சேந்து லாக் ஆகணும், ஒரு பக்கம் மட்டும் விழுந்தா ஒவ்வொரு பிரேக்குக்கும் சீட் லேசா கோணும், நாலு நாள்ல இடுப்பு சொல்லும்.

வெல்டிங் பட்டறைக்குப் போகும்போது சீட்டையே தூக்கிட்டுப் போங்க, அளவை மட்டும் பேப்பர்ல எழுதிட்டுப் போகாதீங்க. கார் தரை சமமா இருக்காது, அதனால சீட்டோட நாலு காலும் ஒரே மட்டத்துல இருக்காது, தட்டையான சட்டத்துல வச்சா ஒரு கால் தூக்கிட்டு நிக்கும். வாஷரோ இரும்புத் துண்டோ குடுத்து சரி பண்ணும்போதே முன் ரெண்டு போல்ட்டை பின்னாடி இருக்கிறதைவிட ரெண்டு விரக்கடை ஒசத்தி வச்சுடச் சொல்லுங்க. பின்பக்கம் தானா சீட்டோட மூலைல போய் உக்காந்துக்கும், பிரேக் மிதிக்கும்போது மேல வழுக்கிட்டு ஏறமாட்டீங்க. இந்த ரெண்டு விரக்கடைதான் என் முதுகைக் காப்பாத்துச்சுன்னு சொல்லலாம், அது வரைக்கும் ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் நான் சீட்ல சறுக்கி சறுக்கி படுத்த மாதிரி இருப்பேன்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 45 வயசு, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ரெண்டு மணி நேரம் ரேஸ் ஓட்டிட்டு காலைல இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நடக்கிறார். பிறந்த நாளுக்கு அந்த செவப்பு கறுப்பு கேமிங் சேர் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், அவருக்குத் தெரியாது. நல்லதுதானே? (வாசகி, மதுரை)

பதில்: நல்ல மனசும்மா, ஆனா அந்த காசை கொஞ்சம் நிறுத்தி வைங்க. அந்த சேர் ரேஸ் கார் சீட் மாதிரி வேஷம் போட்ட ஆபீஸ் சேர்தான். அடில அதே சக்கரம், அதே கேஸ் தண்டு, பிரேக்கை மிதிச்சா தண்டுலயே ஒரு ஆட்டம் இருக்கும். தோள் பக்கத்துல இருக்கிற ரெக்கை வேற அகலமான ஆம்பளைங்க தோளை முன்னாடி தள்ளும், ஸ்டீயரிங் புடிக்கிறவருக்கு அது கழுத்து வலில கொண்டு போய் விடும். டைப் அடிக்கிறதுக்கு வேணா வச்சுக்கலாம்.

அவர் உக்கார்ற விதத்தை ஒரு ராத்திரி எந்திரிச்சு நின்னு பாருங்க. நான் பந்தயம் கட்டுறேன், இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவுல உங்க கை முழுசா போகும். சரி பண்ற வரிசை இதுதான். சீட்டோட கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி உக்காரணும். அப்புறம் பெடலைக் கிட்ட இழுக்கணும், பிரேக்கை அடி வரைக்கும் மிதிச்ச நெலைலயும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கணும், கால் விறைச்சு நீண்டா முழு பாரமும் இடுப்புக்குப் போயிடும். கடைசியாதான் ஸ்டீயரிங், ரெண்டு தோளும் சாய்மானத்தைத் தொட்டுக்கிட்டே கையை நீட்டினா மணிக்கட்டு வீலோட உச்சில படியணும், அந்த தூரம் சரி. நம்ம ஆளுங்க எல்லாரும் தலைகீழா பண்ணுவாங்க, வீலை டேபிள்ல மாட்டிட்டு அதுக்கு ஏத்த மாதிரி உடம்பை வளைப்பாங்க.

சாய்மானத்துக்கும் கீழ் முதுகுக்கும் நடுவுல ஒரு கைத்துண்டை சுருட்டி வச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஒரு வாரம் கழிச்சும் வலி இருந்தா டாக்டர். பின் பாக்கெட்ல பர்ஸ் வச்சுக்கிட்டு உக்கார்றாரான்னும் பாருங்க, பாதி இடுப்பு வலிக்கு பர்ஸ்தான் காரணம்ங்கிறது என் கட்சி. சர்ப்ரைஸ் குடுத்தே ஆகணும்னா, ஒரு நல்ல கார் சீட் இருக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போயி அரை மணி நேரம் உக்கார வைங்க. அஞ்சு நிமிஷத்துல எல்லா சீட்டும் சொகுசுதான், முப்பதாவது நிமிஷத்துலதான் தெரியும்.

கேள்வி: ஒரே ஹால், ஒரே ரூம். மடிச்சு கட்டிலுக்கடில தள்ற மாதிரி சீட் இருக்கா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: இருக்கு. ப்ளேசீட் சேலஞ்ச், நெக்ஸ்ட் லெவல் ரேஸிங் ஜிடி லைட் ரெண்டும் அந்த ரகம். இரும்புக் குழாய்ல துணியை இழுத்துக் கட்டியிருக்கும், நம்ம தாத்தா சாயற ஈசி சேர்தான், முன்னாடி ஸ்டீயரிங் முளைச்சிருக்கு அவ்ளோதான். உக்காந்தா ஆச்சரியமா சொகுசா இருக்கும், துணிங்கிறதால வேர்வையும் கம்மி. ஏறி எறங்குறதும் ஈசி சேர் மாதிரியேதான், அம்பது வயசுக்கு மேல ஒருத்தர் கை குடுத்து தூக்கணும்.

வீல் கையை எவ்ளோ பலமா திருப்பி இழுக்குதுங்கிறதை நியூட்டன் மீட்டர்லதான் சொல்வாங்க, ஜி29 மாதிரி ரெண்டு நியூட்டன் மீட்டர் பக்கம் இழுக்கிற வீலுக்கு இது தாராளமா போதும். ஆனா டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டார் தண்டுலயே நேரா மாட்டுற வீல் பக்கம் போறதா இருந்தா, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி பூஸ்ட் பவர் சப்ளையோட 8 நியூட்டன் மீட்டர், மோசா ஆர்9 பேர்லயே 9 இருக்கு, இதெல்லாம் இழுக்கும்போது மடிக்கிற ஃபிரேம் லேசா முறுக்கும். லோட் செல் பிரேக் அதைவிட மோசம், அது பெடல் எவ்ளோ தூரம் போச்சுன்னு பாக்காது, எவ்ளோ பலமா அழுத்துறீங்கன்னுதான் அளக்கும், நாப்பது அம்பது கிலோ அழுத்தும்போது துணி இழுபட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பிரேக் புடிக்கும். எடம் இல்லாதவங்க வீலை சின்னதா வச்சுக்கிட்டு இதையே வாங்கிக்கலாம், தப்பில்ல.

கேள்வி: காலாவதி ஆன எஃப்ஐஏ (உலக கார் ரேஸ் சம்மேளனம்) முத்திரை போட்ட பக்கெட் சீட், அதாவது ஒரே வார்ப்பா இருக்கிற ரேஸ் சீட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா வருது. எனக்கு இடுப்பு 38 இஞ்ச். வாங்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: காலாவதிங்கிறதைப் பத்தி கவலைப்படாதீங்க. எஃப்ஐஏ 8855-1999ன்னு ஸ்டிக்கர் ஒட்டின சீட்டுக்கு தயாரிச்ச நாள்ல இருந்து அஞ்சு வருஷம்தான் ரேஸ்ல அனுமதி, அதுக்கப்புறம் நிஜ போட்டில உக்கார முடியாது, அதனாலதான் டீம்காரங்க வித்துத் தள்றாங்க. வீட்ல மோதுறது திரைலதானே. கண்ணாடி நார் எங்கயாவது கீறியிருக்கா, செராய் வெளிய நீட்டிட்டு இருக்கான்னு மட்டும் கையைத் தடவிப் பாருங்க, அது தோல்ல ஏறினா நாலு நாளைக்கு அரிப்பு.

38 இஞ்ச்சுங்கிறது பேன்ட் அளவு, அது இங்க உதவாது. ஒரு பெஞ்சுல உக்காருங்க, இடுப்போட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தடிப் புத்தகத்தை ஒட்டி நிறுத்துங்க, நடுவுல இருக்கிற தூரத்தை டேப் வச்சு அளங்க. உக்காந்தா சதை விரியும், நின்னு அளந்தா தப்பாதான் வரும். சீட் விக்கிறவர்கிட்ட உக்கார்ற எடத்தோட உள் அகலம் கேளுங்க, உங்க அளவைவிட ஒரு விரல் ரெண்டு விரல் தாராளமா இருக்கணும். ரேஸ்காரங்க இறுக்கமா கேப்பாங்க, அவங்களுக்கு வளைவுல உடம்பு பறக்காம இருக்கணும், நமக்கு அது இல்லன்னு முன்னயே சொன்னேன். பக்கெட் சீட்ல சாய்மானம் மாத்த முடியாது, ஒரே கோணம், அது உங்க முதுகுக்கு ஒத்துவரலன்னா பக்கத்து ரெண்டு பிராக்கெட்ல ஓட்டை மாத்தி சீட்டையே மொத்தமா சாய்க்கிறதுதான் வழி. அதுக்கு எம்8 போல்ட் போடுற பக்கவாட்டு பிராக்கெட் தனியா வாங்கணும், விலைல அதையும் சேத்துக்கோங்க. அப்புறம், ரேஸ் சீட் கம்பெனி ஸ்பார்கோ பேரை எம்ப்ராய்டரி போட்டிருந்தா மட்டும் அது ஸ்பார்கோ ஆயிடாது. ஸ்டிக்கர் நம்பரைப் பாருங்க.

கேள்வி: காரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல ஃபார்முலா கார் (எஃப்1 மாதிரி ஒத்தை ஆள் உக்கார்ற ரேஸ் கார்) ட்ரெயினிங் போகப்போறேன். சிமுலேட்டர்லயும் ஃபார்முலா மாதிரி படுத்துக்கிட்டு ஓட்டணுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்களுக்கு மட்டும்தான் அது அர்த்தமுள்ள கேள்வி. ஃபார்முலா மாருதியை உருவாக்கின கரிவர்தன் பேர்ல இருக்கிற அந்த ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் டிராக்ல எல்ஜிபி ஃபார்முலா 4 கார்ல உக்காந்தீங்கன்னா பின்பக்கம் கிட்டத்தட்ட தரைல இருக்கும், கால் முன்னாடி நீண்டிருக்கும், வீட்ல சோபால உக்காந்து பழகிட்டு அங்க போனா பிரேக் அழுத்துற தசையே வேற. அதனால பெடல் குதிகால் வைக்கிற எடத்தை கிட்டத்தட்ட உக்கார்ற மட்டத்துக்கு ஒசத்துங்க, சாய்மானத்தை நல்லா சாய்ங்க, தொடைக்கு அடில காலி எடம் இல்லாம ஃபோம் குடுங்க. எஃப்1ல ஒவ்வொரு டிரைவரையும் ஒரு பை மேல உக்கார வச்சு அதுக்குள்ள நுரை ஊத்தி, அவர் உடம்பு அச்சுலயே சீட் எடுப்பாங்க. படுத்த நெலைல உடம்பு சீட்டைத் தொடாத எடம் ஒவ்வொண்ணும் கொஞ்ச நேரத்துல வலியா மாறும், அதுக்குத்தான் அவ்ளோ மெனக்கெடல். மத்தவங்க இந்த படுக்கையைத் தொடாதீங்க, திரையை எட்டிப் பாக்க கழுத்தைத் தூக்கி தூக்கியே செத்துடுவீங்க.

கேள்வி: ரெக்சினா, துணியா? (வாசகர், வேலூர்)

பதில்: வேலூர்ல இருந்துட்டு இந்த கேள்வியா! துணிதான். மே மாசம் ரெக்சின்ல அரை மணி நேரம் உக்காந்து எந்திரிச்சா சட்டை முதுகோட ஒட்டிட்டு வரும். பியு லெதர்னு விக்கிற செயற்கைத் தோல் நம்ம ஊர் புழுக்கத்துல கொஞ்ச வருஷத்துல அப்பளம் மாதிரி பொரிஞ்சு உரியும். ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா ஒரு பருத்தித் துண்டு விரிச்சுக்கோங்க, ஸ்டைல் போனா போகுது.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓட்டினா வலது கால் மரத்துடுது. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: சீட்டோட முன் விளிம்பு தொடையை அமுக்குது. விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவுல மூணு விரல் போகணும். போகலன்னா சீட் உங்களுக்கு நீளம், முதுகுக்கு ஒரு திண்டு வச்சு முன்னாடி வாங்க. போகுது ஆனாலும் மரக்குதுன்னா முன் பக்கம் ரொம்ப ஒசந்திருக்கு, மேல நான் சொன்ன ரெண்டு விரக்கடையை ஒண்ணாக்குங்க. முக்கா மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடங்க. ஓட்டாத நேரத்துலயும் மரத்துச்சுன்னா இது சீட் விஷயம் இல்ல, டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: ஒரே சீட்டுக்கு அப்பாவும் 11 வயசுப் பையனும் சண்டை. ஒவ்வொரு தடவையும் நட்டு கழட்டி மாட்டிக்கிட்டே இருக்காங்க. என்ன பண்ண? (வாசகி, திருச்சி)

பதில்: ரயில் வச்ச சீட் இல்லாத வீட்ல ரெண்டு ஓட்டுநர் இருக்கவே கூடாதும்மா. ஃபிக்ஸட் சீட்டா இருந்தா அடில ஒரு கார் சீட் ரயிலை மட்டும் வாங்கி மாட்டச் சொல்லுங்க, தனியாவும் கெடைக்கும். மாட்டினப்புறம் அப்பா எடத்துல செவப்பு டேப், பையன் எடத்துல மஞ்சள் டேப் ஒட்டிடுங்க, லிவரைத் தூக்கி தள்ளினா முடிஞ்சுது. பையனுக்கு முதுகுப் பக்கம் ஒரு கெட்டி திண்டு வேணும், மெத்து மெத்துன்னு தலகாணி வேண்டாம், பிரேக் மிதிக்கும்போது அது அமுங்கி அவன் பின்னாடி போயிடுவான். லோட் செல் பெடலா இருந்தா சாஃப்ட்வேர்ல பிரேக் பலத்தை அவனுக்குத் தனியா கொறச்சு ஒரு ப்ரொஃபைல் சேவ் பண்ணிடச் சொல்லுங்க, அப்பா அளவுக்கு அவன் அழுத்த ஆரம்பிச்சா முழங்கால் என்னத்துக்கு ஆகும். சண்டைக்கு என்கிட்ட பதில் இல்ல, எங்க வீட்லயும் அதே கதைதான்.

கேள்வி: சார், எல்லாம் சரி, கல்யாண மண்டபத்துல போடுற பிளாஸ்டிக் சேர் போதாதா? (வாசகர், சிவகாசி)

பதில்: போதும், பிரேக்கே போடாம ஓட்டுறதா இருந்தா. பின்னங்கால் ரெண்டும் எப்படி விரியும்னு பாக்கணும்னா சேரை சுவத்துக்கு ரெண்டடி தள்ளிப் போட்டு உக்காந்து, சுவத்துல காலை வச்சு மெதுவா ஒரு உந்து உந்திப் பாருங்க. பின்னாடி ஒரு பாயாவது விரிச்சுக்கோங்க.